தண்ணீர்க் கணக்கோடு டெல்லி போனவர்

எங்கள் ஸ்ரீராமபுரம் வீட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் காவேரித் தண்ணீர் வரும். எப்போது வரும் என்று உறுதி கிடையாது, நாலரைக்கும் வரும், ஆறுக்கும் வரும், சில நாள் வராமலும் போகும். அந்த நேரத்தில் சம்ப் மூடியைத் திறந்துவைத்து, குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்கிறதா என்று காத்துக்கொண்டிருப்பது பெங்களூருக்காரர்களின் நித்திய கடமை. கீழ் வீட்டு கவுடரும் அப்போது வெளியே வந்து நிற்பார். ஹாசன் பக்கத்துக்காரர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று பல வருஷம் ஆகிறது. தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் அவர் சொல்வது ஒரே வசனம்தான்: "பாருங்க தம்பி, இது எங்க ஹேமாவதி நீரு." நானும் விடமாட்டேன். "மேட்டூருக்கு வர வேண்டியதைத்தானே இங்க திருப்பி விட்டிருக்கீங்க" என்பேன். இருவரும் சிரித்துவிட்டு மோட்டார் போடப் போய்விடுவோம்.

போன மாதம் என் அக்கா மகன், கல்லூரியில் படிக்கிறவன், தேவகவுடா எப்படிப் பிரதமரானார் என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் படம். இன்னொன்று, குடும்பக் கட்சி. அவன் வயதுக்காரர்கள் பலருக்கும் அவ்வளவுதான் தெரியும், நம் தமிழர்களுக்கோ கூடுதலாக 'காவேரியில் தண்ணீர் விடாதவர்' என்ற பட்டமும் தெரியும். இந்த மூன்றையும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதரைப் பிடிக்க எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நூல்தான் இருக்கிறது, அது தண்ணீர். அவர் அடிப்படையில் ஒரு வாய்க்கால் அரசியல்வாதி. எந்த ஊருக்கு எந்தக் கால்வாய், எத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி), எத்தனை ஏக்கர், அதற்கு எங்கிருந்து பணம், இதுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்த கணக்கு. பிரதமர் நாற்காலி அந்தக் கணக்கின் நடுவே வந்துபோன 324 நாள்.

ஆரம்பத்திலிருந்து வருவோம். 1933 மே 18 அன்று ஹாசன் மாவட்டம் ஹொளேநரசீபுரம் தாலுகாவில் ஹரதனஹள்ளி என்ற கிராமத்தில் பிறந்தவர். ஒக்கலிகர் சமூகம், விவசாயக் குடும்பம். ஹாசனில் சிவில் என்ஜினீயரிங் டிப்ளமோ முடித்துவிட்டு சின்னச் சின்ன கான்ட்ராக்ட் வேலைகள் எடுத்துச் செய்தார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர் அரசியலில் வக்கீல்கள் அதிகம், நடிகர்களும் பேச்சாளர்களும் அதிகம். மட்டப்பலகை வைத்து மண் அளந்து பழகியவர் பிரதமர் பதவி வரை போனது அபூர்வம். ஹொளேநரசீபுரம் ஹேமாவதி ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். 'ஹொளே' என்றாலே கன்னடத்தில் ஆறுதான். அந்த ஆறு கிழக்கே போய் கிருஷ்ணராஜ சாகர் நீர்த்தேக்கத்தில் காவேரியோடு சேர்ந்துவிடுகிறது.

1953-இல் காங்கிரஸில் சேர்ந்தார். 1962 தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து சுயேச்சையாக நின்று ஜெயித்து சட்டமன்றத்துக்குப் போனார். அதையும் சேர்த்து ஹொளேநரசீபுரத்தில் தொடர்ந்து ஆறு முறை. 1969-இல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திரா பக்கம் போகாமல் ஸ்தாபன காங்கிரஸில் நின்றார், அதாவது நம் காமராஜர் இருந்த பக்கம். 1972-இல் கர்நாடகத்தில் இந்திரா அலை அடித்து தேவராஜ் அர்ஸ் முதல்வரானபோது இவர் எதிர்க்கட்சித் தலைவர். நெருக்கடி நிலையின்போது பெங்களூரு மத்திய சிறையில் இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஹேமாவதியைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு நடந்தது எதுவும் புரியாது. 1924-இல் மெட்ராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவேரி ஒப்பந்தம் போட்டன. மைசூர் கிருஷ்ணராஜ சாகரைக் கட்டிக்கொள்ளலாம், மெட்ராஸ் மேட்டூரைக் கட்டிக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் எவ்வளவு புதுப் பாசனம் என்பதற்கு வரம்பு, 50 வருஷம் கழித்துச் சில ஷரத்துகளை மறுபரிசீலனை செய்யலாம். இந்தக் கடைசி வரியில்தான் எல்லா வினையும். 1974-உடன் ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றது கர்நாடகம். மறுபரிசீலனைதான் முடியும், ஒப்பந்தம் முடியாது என்றது தமிழ்நாடு. இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மேலே ஹேமாவதி, ஹாரங்கி, கபினி என்று அணைகள் எழும்பின. தமிழ்நாடு ஆட்சேபித்ததால் திட்டக் குழு அனுமதி கொடுக்கவில்லை, மத்திய நிதியும் இல்லை. கர்நாடகம் சொந்தப் பணத்தைப் போட்டே கட்டியது. கொரூரில் ஹேமாவதி அணை 1979-இல் முடிந்தது, கொள்ளளவு சுமார் 37 டிஎம்சி. மேட்டூர் 93, கிருஷ்ணராஜ சாகர் 49 என்ற எண்களோடு ஒப்பிட்டால் சின்னதுதான், ஆனால் ஹாசன், மண்டியா, தும்கூர் பக்கத்து மேட்டு நிலத்துக்காரனுக்கு அதுதான் எல்லாம். மழையை நம்பி ராகி விதைத்த ஊர்களுக்கு வாய்க்கால் வந்தது. அந்த வாய்க்காலுக்காக சட்டமன்றத்தில் ஓயாமல் கத்தியவர்களில் முதல் வரிசை தேவகவுடா. தஞ்சாவூரில் ஆடிப்பெருக்குக்கு ஆறு வறண்டு கிடந்தால் எவன் பெயரைச் சொல்லித் திட்டுவார்களோ, அதே பெயரை ஹாசனில் சாமி படத்தோடு மாட்டியிருப்பார்கள். கீழ் வீட்டு கவுடர் வீட்டிலும் அப்படித்தான், வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில் ஒரு தேவகவுடா காலண்டர்.

1983-இல் ராமகிருஷ்ண ஹெக்டே தலைமையில் ஜனதா ஆட்சி வந்தது. தேவகவுடாவுக்குப் பொதுப்பணியும் நீர்ப்பாசனமும். ஹெக்டே வேறு வார்ப்பு. ஆங்கிலப் பத்திரிகைகளின் செல்லம், டெல்லியில் எல்லோருக்கும் நண்பர், மெருகு கலையாத பேச்சு. இவர் வெள்ளை வேட்டி, ராகி முத்தே என்கிற களி உருண்டை, கோப்பு நிறைய எண்கள். ஒத்துப்போகவில்லை. நீர்ப்பாசனத்துக்குப் போதிய பணம் ஒதுக்கவில்லை என்று சொல்லி மந்திரி பதவியை விட்டார். உள்ளே பதவிப் போட்டியும் இருந்தது, இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் வெளியே வர அவர் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கவனியுங்கள். 1989-இல் ஹொளேநரசீபுரம், கனகபுரா என்று இரண்டு தொகுதியில் நின்று இரண்டிலும் தோற்றார். அரசியலில் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர். 1991-இல் ஹாசன் எம்.பி. ஆனார்.

அந்த 1991 பெங்களூர்த் தமிழர்களான எங்களுக்கு வேறு விதமான வருஷம். வி.பி.சிங் அரசு 1990 ஜூனில் காவேரி நடுவர் மன்றத்தை அமைத்தது, அது 1991 ஜூனில் இடைக்காலத் தீர்ப்பாக வருஷத்துக்கு 205 டிஎம்சி என்றது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா வாசலில் திருகாணி போட்டு மாட்டியிருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார், அம்மா கோலத்தை அழித்தாள். தெருவில் டயர் எரியும் வாசனை. எங்கள் தெருமுனையில் கன்னடக்காரர்கள் நாலைந்து பேர் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள், யாரையும் உள்ளே விடவில்லை, அதனால் தப்பித்தோம். எல்லாத் தெருவுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. உயிர் போனவர்கள் உண்டு, ஓசூர் தாண்டி ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தப் பலகையை அப்பா திரும்ப மாட்டவே இல்லை. சுவரில் நாலு திருகாணி ஓட்டை மட்டும் ரொம்ப நாள் இருந்தது.

சரி, தேவகவுடாவுக்கு வருவோம். 1994 டிசம்பர் தேர்தலில் ஜனதா தளம் 224-க்கு 115 இடம் பிடித்தது. ராமநகராவில் ஜெயித்த தேவகவுடா முதல்வரானார். சித்தராமையா நிதியமைச்சர், அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது. பதினெட்டு மாதத்துக்கும் குறைவான அந்த ஆட்சியில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். ஒன்று, ஹூப்ளியில் முஸ்லிம்கள் பெருநாள் தொழுகை நடத்தும் ஈத்கா மைதானப் பிரச்சினை. சுதந்திர தினத்தில் அங்கே கொடி ஏற்றுவது பற்றிய தகராறில் 1994-இல் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போயிருந்தது. மைதானத்தை வைத்திருந்த அஞ்சுமன் அமைப்பே தேசியக் கொடியை ஏற்றும்படி பேசி முடித்தார். மேடை முழக்கம் எதுவும் இல்லை, கிராமத்துப் பஞ்சாயத்து மாதிரி உட்கார வைத்துப் பேசியதுதான்.

இரண்டாவது, 1995-இன் வறட்சி. மழை பொய்த்தது. சம்பா பயிர் காய்கிறது என்று ஜெயலலிதா அரசு உடனடியாக 30 டிஎம்சி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் நடுவர் மன்றத்துக்கு அனுப்பியது. நடுவர் மன்றம் 11 டிஎம்சி என்றது. தேவகவுடா அரசு அதுவும் முடியாது, எங்களிடமே இல்லை என்றது. மறுபடி உச்ச நீதிமன்றம். இந்த முறை பிரதமர் நரசிம்ம ராவைத் தலையிடச் சொன்னார்கள். அவர் சொன்னது 6 டிஎம்சி. முப்பதில் ஆரம்பித்து ஆறில் நின்றது. தமிழ்நாட்டில் தேவகவுடா பெயர் கெட்டது அப்போதுதான். மண்டியாவிலோ, ஆறுகூட ஏன் கொடுத்தாய் என்று கேட்டார்கள்.

அடுத்த ஆறே மாதத்தில் இந்த மனிதர் பிரதமர். அதுவும் யார் தோளில் ஏறி? 1996 மே தேர்தல் முடிவைப் பாருங்கள். பாஜக 161, காங்கிரஸ் 140, ஜனதா தளம் 46. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வாஜ்பாய் 13 நாள் இருந்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த கட்சிகள் சேர்ந்து ஐக்கிய முன்னணி ஆனார்கள், காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு. பிரதமர் யார்? முதலில் வி.பி.சிங்கைக் கேட்டார்கள், அவர் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போய் டெல்லி ரிங் ரோட்டில் சுற்றிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அப்புறம் ஜோதி பாசு. அவருக்கு மனசு இருந்தது, அவர் கட்சியின் மத்தியக் குழு வேண்டாம் என்றது. அதை 'வரலாற்றுத் தவறு' என்று பாசுவே பிற்பாடு சொன்னார். அதற்கப்புறம்தான் தேவகவுடா. கர்நாடகத்தில் 28-இல் 16 இடம் வாங்கிக்கொடுத்த முதல்வர், டெல்லியில் எதிரிகள் குறைவு, காரணம் டெல்லியில் அவரை யாருக்கும் அதிகம் தெரியாது.

தமிழ்நாட்டில் அந்த வருஷம் 39 தொகுதி. மூப்பனாரின் த.மா.கா. 20, தி.மு.க. 17, இந்திய கம்யூனிஸ்ட் 2. முப்பத்தொன்பதும் ஐக்கிய முன்னணிக்கு. ஆக, தண்ணீர் விட மாட்டேன் என்று நின்ற முதல்வரைப் பிரதமராக்கியதில் அவருடைய சொந்த மாநிலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கை கொடுத்தது தமிழ்நாடு. ப.சிதம்பரம் நிதி, முரசொலி மாறன் தொழில். 1996 ஜூன் 1 பதவியேற்பு. அன்றைக்கு மாலை எங்கள் தெரு டீக்கடையில் இருந்த சின்ன டிவி முன்னால் கூட்டம். கவுடர் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார். அப்பா கையில் வாங்கிக்கொண்டு, "இனிமே விடணும், வேற வழி இல்ல" என்றார். கவுடர், "இனிமே விடவே வேண்டாம், நம்மாளு அங்க இருக்காரு" என்றார். ஒரே மைசூர்பாக்குக்கு இரண்டு கணக்கு.

இரண்டு கணக்கும் தப்பாகத்தான் போயிற்று. அந்த 324 நாளில் கருணாநிதியும் கர்நாடகத்தின் புது முதல்வர் ஜே.எச்.படேலும் பலமுறை சந்தித்துப் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டணிக்காரன் என்பதால் தி.மு.க.வால் கத்த முடியவில்லை, கன்னடர் என்பதால் பிரதமரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. தான் பிரதமர், இனிமேல் தன் தாலுகா எல்லா ஊரும்தான் என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவர் துணிந்திருந்தால் காவேரியில் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் துணியவில்லை. இது அவர் மேல் எனக்கு இன்றும் உள்ள வருத்தம்.

இந்த வருத்தம் கூடுவதற்குக் காரணம், அதே காலத்தில் அவர் வேறோர் ஆற்றில் செய்து காட்டியதுதான். 1996 டிசம்பர் 12 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவோடு கங்கை நீர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மேற்கு வங்கத்தில் ஃபராக்கா அணையை 1975-இல் இயக்க ஆரம்பித்த காலத்திலிருந்து இரு நாட்டுக்கும் தீராத தகராறு. அதற்கு 30 வருஷத்துக்கு, அதாவது 2026 டிசம்பர் வரைக்கும், ஒரு கணக்குப் போட்டார்கள். ஜோதி பாசு கூட நின்றதால்தான் இது முடிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு எளிமையானது. ஜனவரி முதல் மே வரையான வறண்ட ஐந்து மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஃபராக்காவுக்கு வரும் நீர் விநாடிக்கு 70,000 கனஅடி அல்லது அதற்குக் கீழே என்றால் ஆளுக்குப் பாதி. எழுபதிலிருந்து எழுபத்தைந்தாயிரம் வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல் என்றால் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. ரொம்ப இறுக்கமான மார்ச் 11 முதல் மே 10 வரையான நாட்களில், ஒரு பத்து நாள் அவர்களுக்கு 35,000 நிச்சயம், அடுத்த பத்து நாள் நமக்கு 35,000 நிச்சயம் என்று மாறி மாறி. எங்கள் தெருவில் முன்பு ஒரே குழாயில் எட்டு வீடு தண்ணீர் பிடித்தபோது குடம் வைத்த முறை இதுதான். தண்ணீர் நிறைய வரும்போது யாரும் சண்டை போடுவதில்லை, குறையும்போது யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பதுதான் சண்டை, அதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் மேலும் இரண்டு பக்கமும் குறை சொல்கிறார்கள், ஓட்டை இல்லாத தண்ணீர் ஒப்பந்தம் உலகத்தில் கிடையாது. ஆனால் கணக்கு இருக்கிறது.

காவேரியில் இல்லாதது அதுதான். 2007 பிப்ரவரியில் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்று பங்கு பிரித்தது. இரு மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டிய 192 டிஎம்சியை உச்ச நீதிமன்றம் 2018-இல் 177.25 ஆக்கியது, குறைத்த 14.75-இல் 4.75 பெங்களூருக்குக் குடிக்க என்று சொன்னது. அதாவது என் சம்ப்புக்கும் அதில் பங்கு இருக்கிறது, நான் ரொம்பவும் நியாயம் பேச முடியாது. இதெல்லாம் சராசரி மழை பெய்த வருஷத்துக் கணக்கு. பற்றாக்குறை வருஷத்தில் விகிதப்படி குறைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது, அந்த விகிதத்தை எந்தத் தேதியில், எந்த அணையில், எந்த எண்ணை வைத்துப் போடுவது என்பதில்தான் ஒவ்வொரு வறட்சியிலும் பஸ் எரிகிறது.

அந்தப் பத்து மாத ஆட்சியில் மற்றதையும் பார்த்துவிடுவோம். டெல்லிக்காரர்கள் அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். ஹிந்தி தெரியாது, ஆங்கிலம் தடுக்கும், கூட்டத்தில் தூங்குகிறார், போகும் இடமெல்லாம் கன்னட அதிகாரிகள். செங்கோட்டையில் சுதந்திர தின உரையை ஹிந்தியிலேயே வாசித்தார், கன்னட எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு. நம் ஊரில் அதைக் கேலியாகவும் பேசினார்கள், பெருமையாகவும் பேசினார்கள். நேராக முதல்வர் நாற்காலியிலிருந்து பிரதமர் நாற்காலிக்குப் போன முதல் ஆள் அவர், அடுத்தது 2014-இல் மோடிதான். இருவருக்கும் டெல்லி கொடுத்த வரவேற்பில் இருந்த வித்தியாசம் எம்.பி. எண்ணிக்கையில் இருக்கிறது, வேறெதிலும் இல்லை என்பது என் எண்ணம்.

அக்டோபர் 1996-இல் வடகிழக்கு முழுக்கச் சுற்றினார். ஏழு மாநிலம். அதன் முடிவில் 6,100 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். மத்திய அமைச்சகங்கள் தங்கள் திட்டச் செலவில் பத்து சதவீதத்தை வடகிழக்குக்கு ஒதுக்க வேண்டும் என்ற நடைமுறை அப்போது ஆரம்பித்ததுதான். 1997 ஜனவரியில் அசாமில் பிரம்மபுத்ரா மேல் போகிபீல் ரயில்-சாலைப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். திறந்தது 2018 டிசம்பர் 25. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று, திறப்பு விழாவுக்கு இவரைக் கூப்பிடவில்லை. தனக்கு அழைப்பு இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் வருத்தப்பட்டார், அந்த வயதில் அப்படி வாய்விட்டுச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காஷ்மீருக்குப் போனார், அங்கே பல வருஷத்துக்குப் பின் சட்டமன்றத் தேர்தல் நடந்தது, உதம்பூர்-பாரமுல்லா ரயில் பாதைக்கும் அடிக்கல் போட்டார். டெல்லி மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 1996 செப்டம்பர். அதே மாதம்தான் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா முதன்முதலாக நாடாளுமன்றத்தில் வந்தது, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு. பாதியில் நின்ற அணை, கால்வாய்களை முடிக்க மத்தியப் பணம் கொடுக்கும் துரித நீர்ப்பாசனத் திட்டமும் அவர் காலத்ததுதான். ஹெக்டேயோடு சண்டை போட்டு வெளியே வந்த அதே காரணம், இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தார், போட்டுவிட்டார்.

1997 பிப்ரவரி 28 அன்று சிதம்பரம் போட்ட பட்ஜெட்டை இன்றும் 'கனவு பட்ஜெட்' என்கிறார்கள். வருமான வரி 15, 30, 40 என்று இருந்தது 10, 20, 30 ஆனது. ராகி முத்தே பிரதமரும் ஹார்வர்ட் நிதியமைச்சரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்று பலருக்கு ஆச்சரியம். தனக்குத் தெரியாத துறையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது, தண்ணீரைத் தவிர.

பட்ஜெட் போட்ட ஒரு மாதத்தில் எல்லாம் சரிந்தது. நரசிம்ம ராவுக்குப் பின் காங்கிரஸ் தலைவரான சீதாராம் கேசரி மார்ச் 30 அன்று ஆதரவை வாபஸ் வாங்கினார். ஏன் என்று இன்றும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தன்னை மதித்துக் கலந்து பேசவில்லை என்ற கோபம், தன் மேல் விசாரணை வந்துவிடுமோ என்ற பயம், தானே பிரதமராகிவிடலாம் என்ற ஆசை. ஏப்ரல் 11 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. கிழவருக்குப் பிரதமராகும் அவசரம் என்று கேசரியைக் குத்திக் காட்டிவிட்டுத்தான் தேவகவுடா போனார். ஆதரவு 158, எதிர்ப்பு 292. அவருக்குப் பின் மூப்பனார் பெயரும் அடிபட்டது, ஒரு தமிழர் பிரதமராகும் தூரம் அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது, ஆனால் ஏப்ரல் 21 அன்று பதவியேற்றவர் ஐ.கே.குஜ்ரால்.

அதற்குப் பிந்தைய கதை வாய்க்கால் கதை இல்லை, வீட்டுக் கதை, அதனால் வேகமாகப் போகிறேன். 1996-இலேயே ஹெக்டேயைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அவர் தனிக் கட்சி கண்டு பாஜகவோடு சேர, 1998-இல் கர்நாடகத்தில் ஜனதா தளம் 16-லிருந்து 3-க்கு விழுந்தது. ஹெக்டே மட்டும் இல்லாதிருந்தால் கர்நாடகத்தில் பாஜக அவ்வளவு சீக்கிரம் கால் ஊன்றியிருக்காது என்பார்கள், தேவகவுடா மட்டும் ஹெக்டேயை விட்டுக்கொடுத்திருந்தால் ஹெக்டே போயிருக்கவே மாட்டார் என்றும் சொல்லலாம். 1999-இல் கட்சி உடைந்து மதச்சார்பற்ற ஜனதா தளம் ஆனது. அந்த வருஷம் ஹாசனில் அவரே தோற்றார். 2002-இல் கனகபுரா இடைத்தேர்தலில் டி.கே.சிவகுமாரைத் தோற்கடித்துத் திரும்ப வந்தார். 2005-இல் சித்தராமையா வெளியேற்றப்பட்டார், அவர் காங்கிரஸில் சேர்ந்து இரண்டு முறை முதல்வரானார். வளர்த்தவர்களை வெளியே அனுப்பி மகன்களை உள்ளே வைத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டுக்கு அவரிடம் ஒருநாளும் நல்ல பதில் இருந்ததில்லை. 2006-இல் மகன் குமாரசாமி பாஜகவோடு சேர்ந்து முதல்வரானார், இருபது மாதம் கழித்து நாற்காலியை மாற்றிக்கொடுக்கும் பேச்சு காற்றில் போனது. 2018-இல் காங்கிரஸோடு சேர்ந்து மறுபடி முதல்வர், பதினான்கு மாதம். 2019-இல் ஹாசனைப் பேரன் பிரஜ்வலுக்கு விட்டுவிட்டுத் தும்கூரில் நின்ற தாத்தா தோற்றார், பேரன் ஜெயித்தான். அந்தப் பேரன் 2025 ஆகஸ்டில் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றதை எல்லோரும் அறிவோம். 2023 செப்டம்பரில் கட்சி பாஜக கூட்டணிக்குப் போனது. பெயரில் 'மதச்சார்பற்ற' என்பது அப்படியே இருக்கிறது.

2020-இல் மாநிலங்களவைக்குப் போன பின்னும், தொண்ணூறு வயதிலும், அவர் வாய் திறந்தால் காவேரிதான். 2016-இல் காவேரி மேலாண்மை வாரியம் அமைக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அக்டோபர் 1 அன்று கர்நாடகச் சட்டமன்றமான விதான சௌதா வளாகத்துக் காந்தி சிலை முன்னால் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், 83 வயதில். அதற்குச் சில வாரம் முன்னால்தான் இங்கே மறுபடி தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன, நான் என் மகளைப் பள்ளியிலிருந்து நடத்தியே கூட்டி வந்தேன், வழியில் தமிழில் பேசாதே என்று சொல்லி. அன்றைக்கு டிவியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. 2023-இல் மழை குறைந்தபோது, இரு மாநில அணைகளையும் சம்பந்தமில்லாத வெளியாள் குழு ஒன்று நேரில் பார்க்கட்டும் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அது மட்டும் கொஞ்சம் ஃபராக்கா வாசனை அடித்தது.

இதை எழுதி முடித்துக் கவுடரிடம் கங்கைக் கணக்கைச் சொன்னேன், பத்து நாள் உங்களுக்கு, பத்து நாள் எங்களுக்கு என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முதல் பத்து நாள் யாருக்கு?" என்று கேட்டார்.